பதினான்காம் வரிசையில் இரண்டு பேர்

பிராக்கன்ஷா நகரசபையில் கண்காணிப்புக் குழு என்று ஒன்று உண்டு. போலீஸ், தீயணைப்பு வண்டி, தெருநாய், சினிமா ஆகிய நான்கும் அதன் பொறுப்பு. இந்த நான்கில் எது எப்போது கடிக்கும் என்று தெரியாததால் குழு மாதம் இரண்டு முறை கூடும். நான் அதற்குச் சுருக்கெழுத்துத் தட்டச்சாளர். பெயர் எனிட் ஷாரக். அந்த அறையில் பேசப்பட்டதையெல்லாம் பதினோரு வருடம் எழுதினேன். நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்த காலமும் உண்டு.

1948 அக்டோபர் கூட்டத்தில் தலைவர், ஆல்டர்மேன் எனப்படும் மூத்த உறுப்பினர் செப்டிமஸ் கிராப்ட்ரீ, நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு விஷயத்துக்காக எழுந்து நின்றார். அவருக்கு நெசவாலை ஒன்றும் உரத்த குரல் ஒன்றும் உண்டு. நெசவாலைக்குள் தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியவர், வெளியிலும் அப்படியே பேசுவார்.

"நண்பர்களே, போன புதன்கிழமை சாயங்காலம் அஞ்சரை மணிக்கு வீட்டுக்குப் போறேன். மேசை மேல தட்டு இல்ல. அடுப்புல பாத்திரம் இல்ல. என் மனைவி தொப்பியைக்கூடக் கழட்டாம சமையலறையில உக்காந்து அழுதுட்டிருக்கா. யாராவது செத்துட்டாங்களான்னு கேட்டேன். 'ஆமா, ஒரு நர்ஸ்'ங்கறா. எந்த நர்ஸுன்னா, அல்பியன் தியேட்டர்ல வர்ற நர்ஸாம்! அதோட விட்டாளா? என்னை ஒரு மாதிரி பாத்து, 'செப்டிமஸ், கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க என்னை ஒரு தடவையாவது...'ன்னு ஆரம்பிச்சா. இது என் வீட்டுப் பிரச்சினை இல்ல, நண்பர்களே. இது பொது ஒழுங்குப் பிரச்சினை!"

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

அந்த மாதிரிப் படத்துக்கு எங்கள் பக்கம் 'வீப்பி' என்று பெயர். அழுமூஞ்சிப் படம் என்று வைத்துக்கொள்ளலாம். பெண்கள் அந்தப் பெயரைச் செல்லமாகச் சொல்வார்கள், ஆண்கள் கேலியாகச் சொல்வார்கள். டிக்கெட் இருவரும் வாங்குவார்கள். அல்பியனில் ஒவ்வொரு புதன்கிழமை மதியமும் ஒரு வீப்பி. அன்று கடைகளுக்கு அரைநாள் விடுமுறை.

"இந்த ஊரு ரெண்டு யுத்தத்தைக் கண்ணு கலங்காம ஜெயிச்ச ஊரு" என்றார் கிராப்ட்ரீ. "எங்கப்பாவைச் செவ்வாய்க்கிழமை காலையில புதைச்சேன். ரெண்டு மணிக்கு ஆலையில இருந்தேன். பெட்டி தூக்க வந்த என் ஆளுங்க நாலு பேரையும் ரெண்டே காலுக்குள்ள தறிகிட்ட நிக்க வெச்சேன். அவங்க முகத்துல ஒரு சொட்டு ஈரம் பாக்கல நான். இன்னிக்கு என்னன்னா, இல்லாத ஒரு நர்ஸுக்காக என் ராச்சாப்பாடு போச்சு."

நகரசபைச் செயலர் லம்லி தொண்டையைச் செருமினார். அவர் மெலிந்த மனிதர். எந்த முட்டாள்தனத்துக்கும் சரியான சட்டப் பிரிவைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர் உத்தியோகம்.

"தியேட்டர் உரிமத்துல கை வைக்கணும்னா ஆதாரம் வேணும், ஐயா. எத்தனை பேரு அழுதாங்க, எவ்வளவு அழுதாங்கன்னு அளவு வேணும்."

"அளவுன்னா, அளவுத் துறை நம்மகிட்ட இல்லையா?"

அப்படித்தான் எடை அளவுத் துறையின் உதவி ஆய்வாளர் கிளமென்ட் என்ட்விசிலைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

கிளமென்டுக்கு அப்போது ஐம்பத்தோரு வயது. இறைச்சிக் கடைத் தராசு, நிலக்கரி மூட்டை, மதுக்கடைக் கிளாஸ் இவற்றைச் சோதிப்பது அவர் வேலை. யாரையும் மிரட்டாமல், யாரிடமும் ஒரு தொத்திறைச்சித் துண்டுகூட வாங்காமல் இருபத்தாறு வருடம் அதைச் செய்தவர். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. வேலைப் பளு என்று நினைத்துக்கொண்டேன்.

"எந்த அலகுல அளக்கறது, ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

குழு அதைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் விவாதித்தது. அவுன்ஸ் கணக்கு சரிவராது, யாரும் புட்டி பிடித்துக்கொண்டு அழுவதில்லை. கைக்குட்டைக் கணக்கு என்றார் ஒருவர். ஆண் கைக்குட்டையா, பெண் கைக்குட்டையா என்றார் இன்னொருவர். கடைசியில், நகரசபைக் கஜக்கோல் வைத்திருக்கும் இரும்புப் பெட்டியிலேயே நிலையளவுக் கைக்குட்டை ஒன்றையும் வைப்பது, அதற்கான ரேஷன் துணிக் கூப்பனைக் குழு தருவது என்று தீர்மானமாயிற்று. அழுகையை மூன்று தரமாகப் பிரித்தார்கள்: ஈரம், வடிதல், விம்மல். இதற்காகப் படிவம் க-3 அச்சடிக்கப்பட்டது. கிளமென்டுக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் விளக்கு ஒன்றும் கொடுத்தார்கள்.

அவர் முகம் ஏன் வெளுத்தது என்பதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் மனைவி ஐவி 1946 டிசம்பரில் நுரையீரல் காய்ச்சலில் இறந்தாள். அவள் உயிர் போன நேரத்தில் அவர் சந்தையில் ஒரு நிலக்கரி வியாபாரியின் தராசைச் சோதித்துக்கொண்டிருந்தார். அடக்கத்தன்று அவர் அழவில்லை. ஊரே பாராட்டியது. "என்னமா தாங்கிக்கிட்டாரு!" என்று கையைப் பிடித்துக் குலுக்கியது. அவர் எதையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, கடைகள் மூடியிருந்ததால் சோதிக்க ஒன்றும் இல்லாமல், குளிருக்கு ஒதுங்கி அல்பியனுக்குள் போனார். திரையில் ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். அப்போது வந்தது. நிறுத்த முடியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு புதனும் அவர் தினசரிப் பதிவில் 'வெளி ஆய்வு' என்று எழுதிவிட்டு, பதினான்காம் வரிசையில் போய் உட்கார்ந்து அழுதார். மனைவிக்காக வராத கண்ணீர் யாரோ நடிகைக்காக வருகிறதே என்று ஒரு குற்ற உணர்ச்சி. அதை நகரசபை நேரத்தில் செய்கிறோமே என்று இன்னொன்று.

பதினான்காம் வரிசையில் அவருக்கு அடுத்த இருக்கைக்கு லெட்டி ஹாஸ்லம் வருவாள். செயின்ட் ஆன் தெருப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள். மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நேராக வருவாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. இரண்டாவது வாரமே அவள் தன் கைக்குட்டையை அவர் முழங்கால்மேல் வைத்து, "வெச்சுக்கோ கண்ணு, எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு" என்றாள். அவள் எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள்.

கிளமென்ட் தன் முதல் அறிக்கையை நவம்பர் கூட்டத்தில் வாசித்தார். "மொத்தம் தொண்ணூத்தி நாலு பேரு, ஐயா. ஈரம் அறுபத்தொண்ணு. வடிதல் இருபத்திரண்டு. விம்மல் பதினொண்ணு."

"பேரு?" என்றார் கிராப்ட்ரீ.

"பேரு எடுக்கல, ஐயா."

"என்னய்யா இது? கடைக்காரன் பேரு இல்லாம தராசு அறிக்கை எழுதுவீங்களா?"

லம்லி தன் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். கையெழுத்தில்லாத கடிதம். 'அல்பியன் தியேட்டரில் பதினான்காம் வரிசையில் நகரசபைச் சம்பளம் வாங்கும் இரண்டு பேர் வாராவாரம் அழுகிறார்கள். வரி கட்டுகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.' இதை அவர் இரண்டு முறை வாசித்தார்.

"ரெண்டு பேரு" என்றார் கிராப்ட்ரீ. "யாரு?"

நான் பென்சிலைத் தாளின்மேல் வைத்துக் காத்திருந்தேன். கிளமென்டின் கையில் தொப்பி சுற்றிச் சுற்றி வந்தது.

"ஒரு பேரு போதும், என்ட்விசில்" என்றார் லம்லி, மிகவும் மென்மையாக. "ஒரு உதாரணத்துக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"மிஸஸ் ஹாஸ்லம்" என்றார் கிளமென்ட். "பள்ளிக்கூடச் சமையல்."

"இன்னொருத்தர்?"

"இருட்டா இருந்தது, ஐயா."

நான் எழுதினேன். எழுதும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக அரை அவுன்ஸ் குறைவைக் கண்டுபிடித்த மனிதருக்கு, பதினான்காம் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் மட்டும் தெரியாமல் போகுமா? எனக்குப் புரிந்தது என்பதை நான் எங்கேயும் எழுதவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு லெட்டியை வரவழைத்தார்கள். தன் ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கிளமென்ட் சுவரோரம் நின்றார்.

"மிஸஸ் ஹாஸ்லம், நீங்க சினிமா பாத்து அழறதுண்டா?" என்றார் கிராப்ட்ரீ.

"சோகமா இருந்தா அழுவேன், கண்ணு."

"தலைவர்னு சொல்லுங்க" என்றார் லம்லி.

"சோகமா இருந்தா அழுவேன், தலைவர் கண்ணு."

"குறிப்பிட்ட அந்த நர்ஸ் படத்துல எந்தக் கட்டத்துல அழுதீங்க?"

"டாக்டர் கை கழுவுவாரே, அப்ப."

கிராப்ட்ரீ படிவத்தைப் புரட்டினார். "அந்தக் கட்டத்துல இன்னும் யாருமே சாகலையே!"

"அதான் கண்ணு. அவரு கை கழுவற விதத்துலயே தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு யாரையாவது ஆஸ்பத்திரியில வெச்சுப் பாத்த அனுபவம் இல்லையா?"

இந்தக் கேள்வியைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று லம்லி எனக்குச் சைகை காட்டினார்.

"உங்க பக்கத்துல உக்காந்து அழுதது யாரு?"

லெட்டி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கிளமென்ட் மீது அவள் பார்வை ஒரு கணம் நின்றது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோ கோட்டு போட்ட மனுஷன். அல்பியன்ல கொதிகலன் ரிப்பேர். எல்லாருமே கோட்டுதான் போட்டிருந்தாங்க."

குழு அரைமணி நேரம் ஆலோசித்தது. உணர்ச்சிவசப்படும் சமையல்காரியின் கண்ணீர் பிள்ளைகளின் குழம்பில் விழக்கூடும் என்று ஓர் உறுப்பினர் சுகாதாரக் கவலை தெரிவித்தார். கண் வறண்டிருக்கிறது என்று மருத்துவ அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கிக்கொடுக்கும்வரை லெட்டி வேலைக்கு வர வேண்டாம் என்று முடிவாயிற்று. அப்படி ஒரு சான்றிதழ் உலகத்திலேயே கிடையாது என்று மருத்துவ அதிகாரி எழுதினார். அந்தப் பதில் கோப்பில் சேர்க்கப்பட்டது. உத்தரவு அப்படியே இருந்தது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். ஒரு எழுத்துப் பிழையும் இல்லை.

பிறகு, உரிமத்தை ரத்து செய்வதற்கு முன் குழுவே படத்தைப் பார்ப்பது முறை என்று லம்லி சொன்னார். டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, காலியான அல்பியனில் ஒன்பது உறுப்பினர்களும் கோட்டோடும் தொப்பியோடும் உட்கார்ந்தார்கள். நான் குறிப்பேட்டோடு பின்னால் இருந்தேன். கிளமென்டையும் வரச் சொல்லியிருந்தார்கள். படம் தொடங்கியது. கூட்டம் கூடிவிட்டதால் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று கிராப்ட்ரீ டார்ச் வெளிச்சத்தில் தெருநாய்க் கொட்டகைக்குக் கூரை போடும் விஷயத்தை எடுத்துக்கொண்டார். தகரமா, ஓடா என்று வாக்குவாதம். திரையில் அந்த நர்ஸ், தான் வளர்த்த குழந்தையை அதன் சொந்தத் தாயிடம் ஒப்படைக்க ரயில் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். தகரத்துக்கு ஐந்து வாக்கு விழுந்தது.

ரயில் புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்தபோது, ஹாலில் ஒரு சத்தம் கேட்டது. அடக்க முயன்று முடியாமல் வெடித்த சத்தம். படம் ஓட்டுகிறவர் ஏதோ விபத்து என்று நினைத்து விளக்கைப் போட்டுவிட்டார்.

பதினான்காம் வரிசையில் கிளமென்ட் தனியாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

"என்ட்விசில்! என்னய்யா பண்றீங்க?"

"அழறேன், ஐயா."

ஒன்பது பேரும் இருக்கையில் திரும்பிப் பார்த்தார்கள். கிராப்ட்ரீயின் முகம் சிவந்தது. அப்போது லம்லி எழுந்தார்.

"தலைவர் அவர்களே, உதவி ஆய்வாளர் இப்ப பணியில இருக்கார். படத்தோட வலிமையைத் தன் மேலயே சோதிச்சுப் பாக்கறார். ஆகவே இது உத்தியோகபூர்வமான அழுகை. பாராட்டப்பட வேண்டியது."

"இல்ல" என்றார் கிளமென்ட். எழுந்து நின்றார். முகத்தைத் துடைக்கவில்லை. "அந்த ரெண்டாவது ஆளு நான்தான். ரெண்டு வருஷமா ஒவ்வொரு புதனும் ஆபீஸ் நேரத்துல இங்க வந்து அழுதிருக்கேன். அந்தம்மா எனக்குக் கைக்குட்டை குடுத்தாங்க. நான் உங்ககிட்ட அவங்க பேரைக் குடுத்தேன். என் பேரு வந்துடக் கூடாதுன்னுதான் குடுத்தேன். என்னை வேலையை விட்டு எடுங்க."

நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன்.

லம்லி கண்ணாடியைத் துடைத்தார். "இதை ஏத்துக்கிட்டா, தகுதியில்லாத ஒருத்தர் குடுத்த அறிக்கை மேல குழு நடவடிக்கை எடுத்ததா ஆகும். குழு அப்படிச் செய்யாது. ஆகவே இது உண்மையா இருக்க முடியாது. ரெண்டு வருஷமா உதவி ஆய்வாளர் சொந்த முயற்சியில முன்னோட்ட ஆய்வு நடத்தியிருக்கார்னு எடுத்துக்கலாம்."

"முன்னோட்ட ஆய்வு!" என்றார் கிராப்ட்ரீ, பெரிய பாரம் இறங்கியவர்போல. "ரொம்பச் சரி. எழுதுங்க, மிஸ் ஷாரக்."

"அப்ப மிஸஸ் ஹாஸ்லம் பண்ணதும் முன்னோட்ட ஆய்வுதானே, ஐயா?" என்றார் கிளமென்ட்.

"அவங்க சமையல்" என்றார் லம்லி. "சமையல் ஆய்வு பண்ணாது."

நான் எழுதினேன். 'உதவி ஆய்வாளரின் தன்னலமற்ற முன்முயற்சி பாராட்டப்பட்டது.' அன்று மதியமே மூன்று பிரதி எடுத்துக் கையெழுத்துக்கு வைத்தேன்.

வெளியே வந்தபோது அல்பியன் படிக்கட்டில் கிளமென்ட் தூறலில் நனைந்தபடி நின்றிருந்தார். "மிஸ் ஷாரக், லெட்டி இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா? தனியா போகத் துணிச்சல் வரல" என்றார். எனக்கும் வரவில்லை என்று அவரிடம் சொன்னேன். இரண்டு பேருமாகப் போனோம்.

லெட்டி ஒரு மீன் வறுவல் கடையின் பின்கட்டில் வாளி நிறைய உருளைக்கிழங்கை வைத்துத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கைகள் தண்ணீரில் சிவந்திருந்தன. கிளமென்ட் சொல்ல வேண்டியதைச் சொன்னார். எதையும் மழுப்பவில்லை. தான் தராசு சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஐவி இறந்ததைக்கூடச் சொன்னார். "அது காரணம்னு சொல்ல வரல" என்றும் சேர்த்துக்கொண்டார். நான் கடிதத்தைத் தட்டச்சு செய்ததைச் சொன்னேன். அது மிகவும் சின்ன விஷயம்போலத் தொனித்தது. அதனால் இன்னும் வெட்கமாக இருந்தது.

"நீதான்னு அன்னிக்கே தெரியும்" என்றாள் லெட்டி, கத்தியை நிறுத்தாமல். "என்னைப் பதினாலாம் வரிசையில பாத்தவன் நீ ஒருத்தன்தானே?"

"அப்ப ஏன் என் பேரைச் சொல்லல?"

"சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். ஒண்ணு போனது போதாதா?"

"நான் ராஜினாமா பண்ணிடறேன், லெட்டி."

"பண்ணு. எனக்கு என்ன வரும் அதுல? உனக்கு மனசு லேசாகும். எனக்கு உருளைக்கிழங்கு இதேதான்." கத்தியைக் கீழே வைத்தாள். "நூத்தி எண்பது புள்ளைங்க கண்ணு. இப்ப அங்க வந்திருக்கிறவ முட்டைக்கோஸைச் சாம்பல் கலர் வர்ற வரைக்கும் வேக வைக்கிறாளாம். புள்ளைங்க பாதி சாப்பாட்டைக் கொட்டிட்டுப் போகுதுங்க. எனக்கு உன் ராஜினாமா வேணாம். என் வேலை வேணும்."

"மன்னிப்பீங்களா?"

"இப்ப கை ஈரமா இருக்கு. போங்க ரெண்டு பேரும்."

கிளமென்ட் அன்று இரவு தூங்காமல் படிவம் க-3-ஐப் படித்தார். அதில் ஒரு தப்பும் இல்லை, அதைச் சரியாக நிரப்ப வேண்டும், அவ்வளவுதான் என்று மறுநாள் என்னிடம் சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பிராக்கன்ஷா மொத்தமும் மீன் வறுவலுக்கு வரிசையில் நிற்கும். அவர் படிவக் கட்டோடு கடை வாசலில் போய் நின்றார். முதல் தாளில் முதல் பெயராகத் தன் பெயரை எழுதினார்: 'விம்மல்'. பிறகு வரிசையில் இருந்தவர்களிடம் போய், லெட்டிக்கு நடந்ததையும் அதைச் செய்தது தான்தான் என்பதையும் ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒருவன் அவர் காலடியில் துப்பினான். துப்பிவிட்டு, "என் பேரையும் போடு" என்றான். லெட்டி போட்ட சாப்பாட்டில் வளர்ந்தவன்.

தீயணைப்புப் படைத் தலைவர், "எனக்கு விம்மல்னே போடுங்க. வடிதல்னு போட்டா பசங்க சிரிப்பானுங்க" என்றார்.

போலீஸ் சார்ஜன்ட் ஒருவர் குரலைத் தாழ்த்தினார். "நான் டியூட்டில கதவுகிட்ட நின்னு அழுதேன். அது எந்த வகை?"

"நின்னாலும் அதே வகைதான், சார்."

நூலகர் வந்தார். குப்பை வண்டிக்காரர்கள் ஆறு பேரும் வந்தார்கள். மருத்துவ அதிகாரி வந்து, சான்றிதழ் கொடுக்க முடியாத குற்றத்துக்காகத் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எட்டு மணிக்கு மிஸஸ் கிராப்ட்ரீ வந்தார். அவர் எங்கள் ஊர் மீன் வறுவல் வரிசையில் நின்றதை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என் பேரைப் போட்டுக்கோங்க. செப்டிமஸ் பேரையும்."

"ஆல்டர்மேன் அழுதாரா, அம்மா?"

"இல்ல. அழாதவங்களுக்கு ஒரு கட்டம் இருந்தா, அதுல போடுங்க."

மூன்று வெள்ளிக்கிழமையில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் சேர்ந்தன. அதில் நூற்று முப்பத்தேழு பேர் நகரசபை ஊழியர்கள். நானே தட்டச்சு செய்தேன். நூற்று முப்பத்தெட்டாவதாக என் பெயரைச் சேர்த்தேன். நான் அந்தப் படத்தைப் பார்த்து அழுதேனா என்று கேட்டால், குழுவோடு பார்த்த அன்று தகரமா ஓடா என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் 'ஈரம்' என்று போட்டது பொய்யில்லை. அது படத்துக்காக வந்த ஈரம் இல்லை, அவ்வளவுதான்.

ஜனவரிக் கூட்டத்தில் கிளமென்ட் பட்டியல் முழுவதையும் நின்று வாசித்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. வாசித்து முடித்து, "ஹாஸ்லம் உத்தரவுப்படி இவங்க எல்லாரும் சான்றிதழ் தர்ற வரைக்கும் வேலைக்கு வரக் கூடாது, ஐயா. உத்தரவு எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்றார்.

"தீயணைப்பு வண்டியை யாரு ஓட்டறது?" என்றார் ஓர் உறுப்பினர்.

கிராப்ட்ரீ பட்டியலில் தன் மனைவியின் பெயரையும் அதற்கு அடுத்த வரியையும் பார்த்துக்கொண்டிருந்தார். 'செப்டிமஸ் கிராப்ட்ரீ - ஒன்றுமில்லை.' வெகுநேரம் அதையே பார்த்தார். நான் அந்த அறையில் இருந்த வருடங்களில் அவர் பேசாமல் இருந்த ஒரே கூட்டம் அது.

கண்காணிப்புக் குழு எதையும் தப்பு என்று ஒப்புக்கொண்ட வரலாறு கிடையாது. அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. காகிதத் தட்டுப்பாடு காரணமாகப் படிவம் க-3 இனி அச்சிடப்பட மாட்டாது, படிவம் இல்லாத நிலையில் கண்ணீர் எதுவும் நகரசபையின் கவனத்துக்கு வந்ததாகக் கருதப்படாது என்று லம்லி ஒரு தீர்மானம் எழுதினார். ஆதாரம் இல்லாததால் தியேட்டர் உரிம விஷயமும் அதோடு முடிந்தது. லெட்டிக்கு, 'தாங்கள் எடுத்துக்கொண்ட விடுப்பு முடிவடைந்ததால் திங்கட்கிழமை பணிக்குத் திரும்பவும்' என்று ஒரு கடிதம். தான் எடுக்காத விடுப்பு முடிந்ததற்கு நன்றி என்று லெட்டி பதில் எழுதினாள். அதுவும் கோப்பில் இருக்கிறது.

அவள் திரும்பி வந்த இரண்டாவது வாரம், பள்ளிச் சமையலறைத் தராசைச் சோதிக்கும் முறை வந்தது. வருடாந்திரச் சோதனை. கிளமென்ட் பித்தளை எடைக்கற்களோடு போனார். தராசு சரியாக இருந்தது. லெட்டி சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் கற்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, வாசலில் தயங்கி நின்றார்.

"இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள் அவள். "அது போக நாளாகும். இங்க வந்து வந்து நின்னு மூஞ்சியைக் காட்டாத. அடுத்த சோதனைக்கு வருவேல்ல, மன்னிச்சேனான்னு அப்பக் கேளு."

"அது வருஷத்துக்கு ஒரு தடவைதான், லெட்டி."

"ஆமா. வருஷத்துக்கு ஒரு தடவை கேளு."

அவர் கேட்டார். 1950-இல் லெட்டி, "இல்ல" என்றாள். அடுத்த வருடம் கேட்டபோது, அவர் தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, "இல்ல. டீ குடிச்சுட்டுப் போ" என்றாள். 1952-இல் அவளுக்குக் காய்ச்சல், பார்க்க முடியவில்லை. அந்த வருடம் முழுக்கக் கிளமென்ட் எனக்குச் சரியாகவே முகம் கொடுக்கவில்லை.

1953 ஜனவரியில் ஒரு மதியம், நான் வேலையாக இருந்தபோது, அவர் என் மேசைக்கு வந்தார். எடைப் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஓடி வந்திருந்தார்.

"கேட்டேன், மிஸ் ஷாரக்."

"என்ன சொன்னாங்க?"

"'பாதி'ன்னாங்க."

ஊரில் எந்தக் கடைக்காரன் குறைத்துக் கொடுத்தாலும் ஒரு நாளும் விட்டுவைக்காத மனிதர், என் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தப் பாதியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.